பூலாவ் கேரி போகும் ரோடு

பூலாவ் கேரி தோட்டத்து அம்மன் திருவிழாவுக்கு வழி கேட்டு நிறைய பேர் மெசேஜ் அனுப்பியிருக்கீங்க. வழியோட அந்த ரோட்டின் கதையையும் சொல்லிடறேன்.

போர்ட் கிள்ளானிலிருந்து பண்டமாரான் வந்து கிள்ளான் - பந்திங் சாலையைப் பிடிங்க. அது 5ஆம் எண் கூட்டரசுச் சாலை. தெலுக் பங்ளிமா காராங்கில் வலது பக்கம் திரும்பினால் ஜாலான் பூலாவ் கேரி. சுங்கை லங்காட் பாலம் ஏறி இறங்கினால் தீவு. அப்புறம் ரெண்டு பக்கமும் செம்பனைதான். நண்டு, இறால் சாப்பிடப் போறவங்களுக்கு இந்த ரோடு நல்லா தெரியும். கோயிலுக்குப் போறவங்கதான் வழி கேக்கறாங்க!

கேரி என்பது ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையின் பெயர். அவருக்கு முன்னாடியே அங்கே இருந்தவங்க மா மெரி பூர்வகுடி மக்கள். சுங்கை பும்புன் கிராமத்தில் இன்னும் மரத்தில் முகமூடி செதுக்குறாங்க. வருஷா வருஷம் முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடுறாங்க, நம்மைப் போலவே.

தீவு முழுக்கத் தாழ்வான நிலம். கடல் தண்ணி ஏறாமல் இருக்க மண்கரை கட்டணும், மழைத் தண்ணி வடிய கால்வாய் வெட்டணும். அதுக்கப்புறம்தான் மரம், ரோடு எல்லாம். இந்தக் கரையோரம் எப்படிப்பட்ட இடம் என்பதற்கு நம்ம துறைமுகமே சாட்சி. 1901 செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறந்ததுமே மலேரியாவில் ஆட்கள் விழுந்தார்கள். மூடிடலாமா என்றுகூட யோசித்தார்கள். டாக்டர் மால்கம் வாட்சன் யோசனைப்படி காடு வெட்டி, கால்வாய் தோண்டிய பிறகுதான் காய்ச்சல் குறைந்தது. கரையோரத் தோட்டங்களில் மண்வெட்டி பிடித்தவர்களில் நம்ம ஆட்கள் எத்தனையோ பேர். ‘ரஜூலா’ மாதிரி கப்பலில் வந்து இறங்கியவர்கள்.

ஆனால் தோட்டத்து ரோட்டை வெட்டியவனுக்கு அந்த ரோடு சொந்தமில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளம், மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது எல்லாம் கேட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்னும் ரெண்டு உண்டு. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேணும். சொந்தக்காரங்க, சிநேகிதர்கள் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து பார்க்கணும். யோசிச்சுப் பாருங்க, ரோட்டில் சைக்கிள் ஓட்டிப் போறதுக்கு ஒரு போராட்டம்! மே மாதம் தலைவர் ஆர்.எச்.நாதனைக் கைது செய்து, பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் நம்ம ஆட்கள் செத்தார்கள்.

இப்போ யாரையும் கேக்காமல் நாம பாட்டுக்கு வேனில் போறோம்.

போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. இப்போ மூன்றாவது துறைமுகத்தைப் பூலாவ் கேரியில் கட்டணும்னு பல வருஷமா பேச்சு. அது வந்தால் இந்த ரோடும் லாரி ரோடு ஆயிடும். தோட்டத்துக் கோயில் பலதும் கம்பெனி நிலத்தில் நிக்கிறது. அந்தத் தோட்டத்தில் பிறந்து இப்போ கிள்ளானில், ஷா ஆலமில் இருக்கிறவங்க, பழைய போட்டோ, திருவிழா நோட்டீஸ், ரசீது எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. கோயில் எத்தனை வருஷமா இருக்குன்னு காட்ட அதுதான் கையில் இருக்கும்.

பாலம் தாண்டியதும் மெதுவா ஓட்டுங்க. செம்பனை லாரி திடீர்னு ரோட்டில் ஏறும். வேன் காலை 7 மணிக்கு நம்ம கோயில் வாசலிலிருந்து கிளம்பும்.