படுத்தவர் ஜெயித்த பந்தயம்

அனுப்பர்பாளையத்தில் குடியிருப்பவனுக்கு அலாரக் கடிகாரம் தேவையில்லை. விடிந்தும் விடியாமலும் இருக்கும்போதே ஏதாவது ஒரு பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். செம்பும் பித்தளையும் குடமாகவும் அண்டாவாகவும் உருவெடுக்கிற ஊர் இது. திருப்பூர் என்றதும் பனியனை நினைக்கிறவர்கள், அந்தப் பனியன் நகரத்தின் ஓரத்திலேயே இப்படி ஒரு பாத்திர ஊர் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். முன்போல் அத்தனை பட்டறைகள் இப்போது இல்லை. இருப்பவை போதும், என்னை எழுப்ப.

எழுந்ததும் நான் சைக்கிளை எடுப்பேன். இளமையிலிருந்து வந்த பழக்கம். என் வீட்டு வாசலிலிருந்து அவிநாசித் தேர்நிலை வரை போய்த் திரும்பினால் 17 கிலோமீட்டர். வாலிப வயதில் இதை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, காப்பி ஆறியிருக்கிறது என்று வீட்டில் சண்டை போட்டதும் உண்டு. அறுபத்தாறாம் வயதில் இடுப்பு வலி வந்தது. “குனிந்து ஓட்டுகிற வண்டி இனி வேண்டாம்” என்றார் டாக்டர். அவர் சொன்னது ஒரு வண்டியைப் பற்றி. எனக்குக் கேட்டதோ, வாழ்க்கையில் ஓர் அத்தியாயம் முடிந்தது என்று.

அப்போதுதான் என் தங்கை மகன் ஒரு விசித்திர வாகனத்தைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். சக்கரம் இரண்டு. நடுவில் தாழ்வாக ஒரு சாய்வு ஆசனம். மிதிகட்டை கீழே இல்லாமல் முன்னால் இருந்தது. கால்களை நீட்டி, முதுகைச் சாய்த்து, வானத்தைப் பார்த்தபடி ஓட்ட வேண்டும். இடுப்புக்குச் சுமை இல்லை. முதல் நாள் நான் தெருவில் இறங்கியதும் பட்டறை வாசலில் நின்ற ஒருவர் கேட்டார்: “ஏனுங்கய்யா, ஈஸி சேருக்குச் சக்கரம் வெச்சாப்பல இருக்குதுங்களே! இது சைக்கிளுங்களா?”

நான் சிரித்து மழுப்பினேன். அதே கேள்வியை ஒரு காலத்தில் உலகத்தின் சைக்கிள் பெரியவர்களெல்லாம் கூடிக் கேட்டிருக்கிறார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது.

வண்டியின் கைப்பிடியில் ஒரு சின்ன மீட்டர் இருந்தது. வீடு திரும்பியதும் சராசரி வேகத்தைக் காட்டும். முதல் நாள் மணிக்கு 14 கிலோமீட்டர். அதாவது 1 மணி 13 நிமிஷம். பழைய சைக்கிளைவிடக் குறைவு! சாய்ந்து மிதிப்பதற்குத் தொடையும் பின்தொடையும் வேறு விதமாக உழைக்க வேண்டும். பழகச் சில மாதம் பிடிக்கும். மேட்டில் எழுந்து நின்று உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தவும் வழியில்லை. பல்சக்கரத்தை இலேசாக்கிக்கொண்டு, சிறு சிறு சுற்றாக மிதித்து ஏறுவதுதான் முறை. இதெல்லாம் தெரியாத நான், தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். ஒரு மணிக்குள் அவிநாசி போய் வந்தே தீருவது என்று வைராக்கியம்.

ஆடி மாதம் வந்தது. எங்கள் சீமையின் ஆடிக் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். மேற்கு மலைத் தொடரில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு திறந்த வாசல். தென்மேற்குப் பருவக் காற்று அதில் புகுந்து, கோயம்புத்தூர், பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் வாரி அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் இங்கே காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றை எதிர்த்து நான் மிதித்தேன். திருமுருகன்பூண்டி தாண்டும்போது மார்பை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போலிருந்தது. வண்டியை ஓரங்கட்டி, ஒரு சிற்பக் கூடத்தின் முன்னால், பாதி செதுக்கிய நந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை, சிவபெருமானின் பூத கணங்கள் வேடர் உருவில் வழிமறித்துக் கொள்ளையடித்த தலம் அது என்பார்கள். என்னிடம் பறிக்கப் பொன் இல்லாததால் மூச்சைப் பறித்துக்கொண்டார்கள் போலும்.

பரிசோதனையில் இருதயத்துக்குக் கோளாறு இல்லை என்று தெரிந்தது. ஆனால் டாக்டர் கடுமையாக எச்சரித்தார். என் மனைவி எச்சரிக்கவில்லை. வண்டியைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வேலையற்றவன் சரித்திரம் படிப்பான். நானும் படித்தேன்.

பிரான்சு தேசத்தில் சார்ல்ஸ் மோஷே என்று ஒருவர் இருந்தார். சிறு கார்கள் செய்கிறவர். மகனுக்குச் சைக்கிள் அபாயம் என்று தாயார் அஞ்சியதால், மிதித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தாராம். அது எதிர்பாராத வேகத்தில் ஓடியது. பெரியவர்களுக்கும் அதே மாதிரி செய்தார். ‘வெலோக்கார்’ என்று பெயர். பிறகு அதை நெடுக்கில் இரண்டாக வகிர்ந்தது போல இரண்டு சக்கரத்தில் ஒரு வண்டி அமைத்தார். அதுதான் என் வாசலில் பூட்டிக் கிடந்த வண்டியின் பாட்டனார்.

அந்நாளில் ஒரு மணி நேரத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்பதே சைக்கிள் உலகின் மிகப் பெரிய பரீட்சை. சுவிட்சர்லாந்தின் ஆஸ்கார் எக் 1914-இல் 44.247 கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். பத்தொன்பது ஆண்டுகளாக யாரும் அதை அசைக்கவில்லை. மோஷே தம் வண்டியைப் பிரான்சிஸ் ஃபோர் என்பவரிடம் கொடுத்தார். ஃபோர் முதல் வரிசை வீரர் அல்ல, இரண்டாம் தரம். படுத்துக்கொண்டு பந்தயத்துக்கு வந்தவரைப் பார்த்துச் சிரித்தார்கள். 1933 ஜூலை 7-ஆம் தேதி, பாரிஸ் நகரத்து ஓட்டரங்கில் அவர் ஒரு மணியில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். சிரிப்பு நின்றது.

இரண்டாம் தர வீரனுக்கு முதல்தர வேகம் எங்கிருந்து வந்தது? காலிலிருந்து அல்ல, காற்றிடமிருந்து. சமவெளியில் வேகமாகச் செல்லும் சைக்கிள்காரன் செலவிடும் சக்தியில் பெரும் பங்கு காற்றைப் பிளப்பதற்கே போகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அதை வெல்ல வேண்டிய சக்தியோ எட்டு மடங்கு. நிமிர்ந்து உட்கார்ந்தவன் மார்பை விரித்துக் காற்றோடு மல்லுக்கு நிற்கிறான். சாய்ந்தவன் ஒதுங்கி வழி விடுகிறான். எதிர்க்காற்று மணிக்கு இருபது கிலோமீட்டர் அடிக்கும்போது பதினான்கில் போகிறவனுக்கும் முகத்தில் படுவது முப்பத்து நான்கு. ஆடி மாதத்தில் என் வண்டி எனக்குச் செய்த உபகாரம் அப்போதுதான் விளங்கியது. பழைய சைக்கிளாக இருந்தால் பூண்டி வரைக்கும்கூடப் போயிருக்க மாட்டேன்!

ஆனால் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த மாதமே மோரீஸ் ரிஷார் என்பவர் சாதாரணச் சைக்கிளில் 44.777 கிலோமீட்டர் ஓட்டினார். இப்போது யாருடைய சாதனை செல்லும்? சர்வதேச சைக்கிள் சங்கம் கூடி விவாதித்தது. சைக்கிள் என்றால் என்ன என்று புதிதாக இலக்கணம் எழுதியது. ஆசனத்தின் நுனி மிதிகட்டை அச்சுக்குப் பின்னால் 12 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது அதில் ஒன்று. 1934 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இது அமல். சாய்வு வண்டி சைக்கிளே அல்ல என்று ஆகிவிட்டது. ரிஷாரின் சாதனை நின்றது. அந்த வருஷமே மோஷே காலமானார்.

எங்கள் பட்டறைக்காரர் கேட்ட கேள்விக்கு மகாசபையின் பதில் “இல்லை” என்பதுதான்! ஆனால் அந்தத் தீர்ப்பால் காற்றின் குணம் மாறவில்லை. மோஷேயின் மகன் வண்டிக்கு ஓர் உறை போட்டுக் கொடுக்க, அதே ஃபோர் 1939-இல் ஒரு மணியில் 50.537 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார். சங்கத்தின் சாதனை ஏட்டில் அது ஏறவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு வண்டியின் மேல் மதிப்பு வந்தது. ஆனால் கிழவனின் கால் கிழவனின் கால்தானே? அதற்கும் சரித்திரத்தில் ஒருவர் கிடைத்தார். அவரும் பிரெஞ்சுக்காரரே, பெயர் ராபேர் மர்ஷான். பிறப்பு 1911. சாதாரணச் சைக்கிள்தான் ஓட்டியவர். 2012-இல், நூறு வயது நிரம்பிய பின், ஒரு மணியில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். வெரோனிக் பிலா என்ற விஞ்ஞானி அவரைப் பரிசோதித்து, பயிற்சி முறையொன்று வகுத்தார். வருஷத்துக்கு ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர். அதில் நூற்றுக்கு எண்பது பங்கு இலேசான மிதி. இருபது பங்கு மட்டுமே கடினம். இரண்டு வருஷம் கழித்து, 102-ஆம் வயதில் அவர் ஓட்டியது 26.927 கிலோமீட்டர். அவர் உடம்பு பிராணவாயுவை ஏற்கும் திறன் 13 சதவிகிதம் கூடியிருந்தது. வயதானால் குறைவதுதான் வழக்கம் என்று நம்பியிருந்த திறன் அது!

இந்த எண்பதும் இருபதும் எனக்கு உறுத்தின. நான் நூற்றுக்கு நூறும் கடினமாகவே மிதித்தவன் அல்லவா? அன்று மாலை, என்னைவிட எட்டு வயது மூத்த பட்டறை அண்ணனிடம் இதைச் சொன்னேன். அறுபது வருஷம் செம்பு தட்டிய கை அவருடையது. அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“தகட்டைத் தட்டத் தட்ட என்னாகுமுங்க தம்பி? இறுகிப்போகும். அதுக்கு மேலயும் விடாம அடிச்சா வெடிச்சுப் போயிரும். நெருப்புல காட்டி இளக விட்டுத்தான் மறுபடி தட்டோணும். அடிக்கிற நேரத்தைவிடப் பொறுத்திருக்கிற நேரம்தானுங்க குடத்தை உண்டாக்குது.”

இந்தச் சமாதானத்தோடு மனைவியிடம் போனேன். பிரெஞ்சுக் கிழவரைப் பற்றிச் சொன்னேன். செம்புத் தகட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க மிதிக்கறதால வலி வரலீங்க. அந்த மீட்டரைப் பார்க்கறதாலதான் வருது” என்றாள். சாவி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. வாரத்தில் ஐந்து நாள் ஓட்டலாம். நான்கு நாள் மீட்டரின் மேல் பழைய பனியன் துணி கட்டியிருக்கும். ஐந்தாம் நாள் மட்டும் அவிழ்க்கலாம்.

துணி கட்டிய நாட்களில், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் போனேன். ஐந்தாம் நாள், சில நிமிஷம் அழுத்தி, சில நிமிஷம் தளர்த்தி, மறுபடி அழுத்தினேன். ஒரு கணக்கும் கற்றுக்கொண்டேன். போகும்போது மணிக்குப் பத்தும், வரும்போது முப்பதும் ஓட்டினால் சராசரி இருபது என்று நினைப்போம். இல்லை, பதினைந்துதான்! மெதுவாகப் போகிற தூரமே அதிக நேரத்தை விழுங்குகிறது. ஆகையால் காற்று அனுகூலமாக இருக்கும்போது பறப்பதில் லாபம் சொற்பம். எதிர்க்காற்றில் தளராமல், மேட்டில் நிற்காமல், சீராகப் போவதில்தான் சராசரி உயர்கிறது.

மர்ஷான் 2017-இல், 105-ஆம் வயதில், மறுபடியும் ஒரு மணி நேரம் ஓட்டி 22.547 கிலோமீட்டர் கடந்தார். கடைசிப் பத்து நிமிஷம் என்று காட்டிய பலகையைத் தாம் பார்க்கவில்லை என்றும், பார்த்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருக்கலாம் என்றும் குறைப்பட்டுக்கொண்டாராம். 2021-இல், 109-ஆம் வயதில் மறைந்தார்.

எனக்கு அறுபத்தெட்டு முடிந்துவிட்டது. சென்ற வாரம் ஐந்தாம் நாள், அவிநாசி போய்த் திரும்பி வாசலில் இறங்கியபோது மீட்டர் 17.2 காட்டியது. 59 நிமிஷம். உள்ளே ஓடி மனைவியிடம் சொன்னேன். “காப்பி ஆறலை, குடிங்க” என்றாள்.

சாவி இப்போது நிலைப்படிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. பனியன் துணியும் அதே ஆணியில்தான்.