கிறிஸ்துவின் நித்திய தெய்வத்துவம்: தமிழ் மண்ணிலும் கோலார் தங்கவயலிலும்

இயேசு கிறிஸ்து பெத்லகேமில் பிறந்த நாளில் இருக்கத் தொடங்கியவர் அல்லர். உலகம் உண்டாவதற்கு முன்பே பிதாவோடு இருந்தவர், பிதாவுக்கு நிகரான கடவுள் என்று பெரும்பாலான கிறிஸ்தவத் திருச்சபைகள் நம்புகின்றன. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையினர், லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் எனப் பலவகைச் சபைகளும் ஒன்றுபடும் இடம் இது. இதே நம்பிக்கை மத்தியதரைக் கடலோரத்தில் ஒருவிதச் சோதனையையும், தமிழ் மண்ணில் வேறுவிதச் சோதனையையும் சந்தித்தது. அங்கே, குமாரன் படைக்கப்பட்டவரா என்று கேட்டார்கள். இங்கே, தெய்வம் மனித உருவில் வந்தது என்றால் யாரும் திகைக்கவில்லை. ஒரே ஒரு முறைதான் வந்தது என்றபோதுதான் வாதம் தொடங்கியது.

நம்பிக்கையின் வேர் புதிய ஏற்பாட்டிலேயே உள்ளது. யோவான் நற்செய்தியின் முன்னுரையும், பிலிப்பியர், கொலோசெயர், எபிரெயர் நிருபங்களின் சில பகுதிகளும் கிறிஸ்துவைப் படைப்புக்கு முன்னரே இருந்தவராகப் பேசுகின்றன. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிகன், பிதாவிடமிருந்து குமாரன் பிறப்பது காலத்துக்குள் நடந்த நிகழ்ச்சியன்று, தொடக்கமில்லாத உறவு என்று விளக்கினார். அதே நகரத்தின் குருவான ஆரியஸ் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை மறுத்தார். குமாரன் எல்லாரிலும் உயர்ந்தவர்தான், ஆயினும் படைக்கப்பட்டவர் என்பது அவர் வாதம். பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கம் 325இல் அதைத் தள்ளியது. சங்கம் முடிந்ததும் பூசல் ஓய்ந்துவிடவில்லை. நிசேயாவின் பக்கம் நின்ற அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். மனிதரை மீட்க வருகிறவரும் படைக்கப்பட்டவரே என்றால் அவருக்கே மீட்பு தேவைப்படும் என்பது அவர் விடாமல் பற்றிக்கொண்ட நியாயம். கோட்பாடு தத்துவ விளையாட்டாகிவிடாமல் காத்தது இந்த நியாயம்தான். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் நிசேயாவின் நிலையை உறுதிப்படுத்தியது.

பாரசீகத் திருச்சபை 410இல் தன் சொந்தச் சங்கத்தில் நிசேயாவை ஏற்றது. சென்னை பரங்கிமலையில் 1547இல் கிடைத்த சிலுவையில் பகலவி எழுத்து இருப்பதால், அத்திருச்சபையின் தொடர்பு நம் கடற்கரைக்கும் உண்டு என்பது தெளிவு. ஆனால் தமிழ் மொழியில் இந்த நம்பிக்கை நிலைத்த எழுத்து வடிவம் பெற்றது பிற்காலத்தில். 1578இல் கொல்லத்தில் என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அதன் முதல் அச்சுச் சான்று. 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நோபிலியும், ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவரும், 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் இதைத் தமிழில் விரித்தார்கள்.

இந்த நம்பிக்கையைக் கேட்ட தமிழர் எல்லாரும் அப்படியே ஏற்றுக்கொண்டதாக எண்ண வேண்டாம். தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒருவர் வில்லியம் ராபர்ட்ஸ். திருவேங்கடம் என்ற பெயரோடு ஏழ்மையில் பிறந்த தமிழர். பணியாளாக இங்கிலாந்து சென்றார், அங்கே ஞானஸ்நானம் பெற்றார். திரித்துவத்தை மறுத்த ஜோசப் பிரீஸ்ட்லி, தியோபிலஸ் லிண்ட்சி ஆகியோரின் நூல்கள் அவர் மனத்தை மாற்றின. சென்னை திரும்பி 1795இல் கடவுள் ஒருவரே, இயேசு அவரால் அனுப்பப்பட்ட மனிதர் என்று நம்பும் சிறு சபையைத் தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் ஆலயமும் எழுந்தது. ராம்மோகன் ராயின் ‘இயேசுவின் போதனைகள்’ 1820இல் வெளிவந்து, செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனோடு பெரும் விவாதம் மூண்டதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இது நடந்துவிட்டது. வங்காள விவாதம் பாடநூல்களில் இடம்பெற்றது, புரசைவாக்கத்து மனிதர் மறக்கப்பட்டார். அவருடைய முடிவை ஏற்காதவரும் அவர் தனியாக நின்று கேட்ட துணிவை மதிக்க வேண்டும்.

எதிர்த்திசையில் நின்றவர் ‘ரட்சணிய யாத்திரிகம்’ (1894) பாடிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. நெல்லைச் சீமையின் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். திருமாலைப் பாடிப் பழகிய பக்தியின் நெகிழ்வு முழுவதையும் அவர் கிறிஸ்துவுக்குக் கொடுத்தார். அவருடைய பாட்டில் நித்தியம் என்பது வாதம் செய்து நிறுவும் பொருளாக இல்லை. உருகி வணங்கும் பொருளாகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி கூர்மையடைந்தது. வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான வெங்கல் சக்கரை, 1920களில் எழுதிய தம் நூலில் இயேசுவை அவதாரம் என்றே அழைத்தார். ஆனால் வைணவ அவதாரங்கள் பணி முடிந்ததும் உருவை விட்டு மீள்கின்றன. கிறிஸ்துவோ உயிர்த்தெழுந்த பின்னும் மனிதராகவே இருக்கிறார், ஆவியானவரின் வழியே அந்த அவதாரம் தொடர்ந்து செயல்படுகிறது என்றார். பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, இராமானுசரின் அந்தர்யாமி கருத்தைத் துணைக்கொண்டு, எல்லா உயிர்களுக்குள்ளும் ஆதி முதல் உறையும் வார்த்தையே இயேசுவில் உருவெடுத்தது என்றார். பிதாவும் குமாரனும் ஒன்று என்பதை அன்பும் சித்தமும் ஒன்றுபட்ட நிலையாக அவர் விளக்கியது, நிசேயாவின் கருத்தைத் தளர்த்துகிறது என்ற கண்டனத்துக்கு உள்ளானது. கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் இருவரும் அயல்நாட்டு விடையை மனப்பாடம் செய்யாமல், பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு நேராகவே விடை தேடினார்கள்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களைத் தெளிவாகக் காண ஏற்ற இடம் கோலார் தங்கவயல் வட்டாரம். அருகிலுள்ள பூதிகோட்டை ஹைதர் அலி பிறந்த ஊர். ஈசாவைத் தீர்க்கதரிசியாகப் போற்றி, அவர் கடவுள் என்பதை மறுக்கும் இஸ்லாம் இந்த மண்ணில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்க வேலையை ஏற்றபின் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், வந்து ‘லைன்கள்’ எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளில் குடியேறினர். சாம்பியன் ரீஃப்ஸ், உரிகம் பகுதிகளில் கத்தோலிக்க, ஆங்கிலிக்க ஆலயங்கள் எழுந்தன. 1907இல் மாரிகுப்பத்தில் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை ஏற்பட்டது, பின்னாளில் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். மனிதராய்ப் பிறந்து ஞானம் பெற்ற புத்தரே போதும் என்ற குரல் அங்கிருந்து ஒலித்தது. ஒரே ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கும் கிறிஸ்தவர், முருக பக்தர், முஸ்லிம், பௌத்தர் ஆகியோரிடையே, மீட்பர் யார் என்பது இறையியல் கல்லூரியின் கேள்வியாக மட்டும் இருக்க முடியாது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அதன் அமைப்பு விதிகள் அப்போஸ்தல விசுவாசப் பிரமாணத்தையும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தையும் ஏற்றன. தங்கவயலின் தமிழ்ச் சபைகள் பலவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் அங்குள்ளோர் பலர் வேலைக்காக அன்றாடம் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். திரித்துவத்தை மறுக்கும் யெகோவாவின் சாட்சிகள் இன்று இந்தியா முழுதும் வீடுதோறும் சென்று பேசுகிறார்கள். ஆரியஸின் கேள்வி இப்போது அந்த வழியாகவே பெரும்பாலான தமிழ்க் கிறிஸ்தவர்களின் வாசலுக்கு வருகிறது. திடப்படுத்தல் வகுப்பில் பிரமாணத்தை ஒப்பிக்கக் கற்றுத் தருவதோடு, அத்தனாசியுஸ் ஏன் ஊர் ஊராக ஓடினார், சக்கரை எதை அண்டை வீட்டாருக்கு விளக்க முயன்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் சபைகளில்தான் பிள்ளைகள் அந்தக் கேள்விக்குத் தாமே விடை சொல்லத் தேறுவார்கள்.