மாறுவதும் மாறாததும்

இயற்கணிதத்தில் 'எக்ஸ்' என்னும் எழுத்தைக் கண்டு நம் பிள்ளைகள் மருளுகின்றனர். அதன் பூர்வீகத்தை அறிந்தால் அம்மருட்சி நீங்கும்.

கலீஃபா மஃமூன் (813–833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-குவாரிஸ்மி, 'அல்-ஜப்ர் வல்-முகாபலா' குறித்து ஒரு நூல் யாத்தார். 'அல்ஜீப்ரா' என்னும் பெயர் அதிலிருந்தே பிறந்தது. அந்நூலில் குறியெழுத்து ஒன்றுமில்லை, யாவும் சொற்களே. அறியாத தொகையை 'ஷைஉ' (பொருள்) என்றும், அதன் வர்க்கத்தை 'மால்' (செல்வம்) என்றும், அறிந்த எண்ணைத் 'திர்ஹம்' என்றும் அவர் வழங்கினார். ஒரு மாலுடன் பத்துப் பொருள்களைக் கூட்ட 39 திர்ஹம் வருமாயின், பொருள் 3, மால் 9.

நூலின் பிற்பகுதி வஸிய்யத்துக் கணக்குகளைப் பேசுகிறது. அத்துறையில் நாமறிந்த ஒன்றைக் காண்போம். மக்களை விட்டு இறந்தவரின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சுவது 800 ரூபாயாயின் அவர் பெறுவது 100. 8,000 ஆயின் 1,000. சொத்தும் தொகையும் மாறிகள். எட்டில் ஒன்று என்பதோ மாறிலி. அதை மாற்ற எவருக்கும் உரிமையில்லை.

எனினும், கணக்கறியாமையால் அப்பங்கை இழந்து நிற்கும் விதவையர் நம்மிடையே உளர். இக்கணக்கை நம் பெண்மக்களுக்கும் கற்பிப்போமாக. மாறாததைப் பிறர் மாற்றும்போது, அதனைக் கண்டுகொள்ளும் கண் அவர்களுக்கு வேண்டும்.