சாவின் வாயிலினின்று மீண்டோரும் கடன் என்னும் கருத்தும்: வன்னிப் பெருநிலப்பரப்பை முன்வைத்து ஒரு நோக்கு

சாவை அண்மித்து மீண்டோரின் அனுபவங்கள் கடந்த அரை நூற்றாண்டாக மேனாட்டில் முறையான ஆய்வுக்கு உட்பட்டு வந்துள்ளன. 1975 இல் அமெரிக்கரான றேமண்ட் மூடி எழுதிய நூல் இத்துறையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. 2001 இல் ஒல்லாந்து மருத்துவர் பிம் வான் லொமலும் அவர்தம் குழுவினரும், இதயத்துடிப்பு நின்று மீட்கப்பட்ட 344 நோயாளரை ஆராய்ந்து, அவர்களுள் 62 பேர் இத்தகைய அனுபவம் பெற்றதாகக் கூறியதை வெளியிட்டனர். ஆண்டுகள் சில கழிந்தபின் அவர்களிடம் சாவச்சம் குறைந்தும் பிறர்பால் பரிவு மிகுந்தும் இருந்தமை கண்டறியப்பட்டது.

இவ்வனுபவத்தின் வடிவத்தைப் பண்பாடே பெரிதும் தீர்மானிக்கின்றது. சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986 இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியாவைச் சேர்ந்த 16 பேரின் அனுபவங்கள் இடம்பெற்றன. எமதூதர் ஆள்மாறி அழைத்துச் சென்றதும், கணக்கேட்டில் பிழை கண்டு திருப்பி அனுப்பியதும் அவற்றிற் காணப்படும் பொதுக்கூறுகளாகும். எனினும் மேனாட்டு ஆய்வும் இந்திய ஆய்வும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. இரண்டிலும் சாவை அண்மிப்பவர் தனியொருவரே. மாற்றமும் அவருடைய அகத்தில் நிகழ்வதே. ஒரு சமூகம் முழுவதும் ஒரே காலத்தில் சாவின் வாயிலில் நின்று மீளுமாயின் நிகழ்வது யாது? இவ்வினாவுக்கு விடை தேட வன்னியினும் பொருத்தமான களம் அரிது.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தை அழித்தது. அதினின்று தப்பியோர் பலர் நான்கு ஆண்டுகளின் பின்னர் போரின் இறுதிக் கட்டத்துள் அகப்பட்டனர். 2009 ஜனவரி முதல் மே வரை, கிளிநொச்சியிலிருந்து புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் நோக்கிப் பெயர்ந்த மக்கள் ஒடுங்கிய கடற்கரைத் துண்டொன்றுள் அடைபட்டனர். 2011 இல் வெளியான ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் எனக் கூறிற்று. பாதுகாப்பு வலயங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் அரச படைகள் எறிகணை வீசியதையும், வெளியேற முயன்றோரை விடுதலைப் புலிகள் தடுத்தும் சுட்டும் வந்ததையும் அவ்வறிக்கை ஒருங்கே பதிவு செய்தது. எஞ்சிய 250,000 க்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியதான வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது.

இம்மக்களிடை நிகழ்ந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ளத் தனிமனித உளவியல் மட்டும் போதாது. வன்னி மக்களை ஆராய்ந்து 2010 இல் கட்டுரை வெளியிட்ட உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், பாதிப்பைத் தனியாள், குடும்பம், சமுதாயம் என்னும் மூன்று தளங்களிலும் காணவேண்டும் என வற்புறுத்தினார். அவர் காட்டிய இக்கூட்டு வடு எமது ஆய்வுக்கும் இன்றியமையாத தொடக்கமாகும்.

தமிழர் மரபில் சாவினின்று மீள்வது ஒரு கடனைத் தோற்றுவிக்கின்றது. நோயிலும் விபத்திலும் தப்பியவர் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைத்த நேர்த்தியை வைகாசிப் பொங்கலிற் காவடி எடுத்து நிறைவேற்றுவதை இன்றும் காண்கிறோம். ‘நேர்த்திக்கடன்’ என்னும் சொல்லே இதனை உணர்த்தும். இறந்தோர்க்குச் செய்வதும் ‘ஈமக்கடன்’ எனவே வழங்கும். சாதாரண காலத்தில் இவ்விரு கடன்களும் வேறு வேறானவை: முன்னது தப்பியவர் தெய்வத்துக்குச் செலுத்துவது, பின்னது இருப்பவர் இறந்தவர்க்குச் செலுத்துவது. 2009 இல் இவை ஒன்றாயின. தப்பியவர் எவரும் அருகில் வீழ்ந்தவரை விட்டே தப்பினர். உடலை எரிக்கவோ புதைக்கவோ இயலாமற் போனோர் பலர். ஆகவே பிழைத்தமையே இறந்தோர்க்குப் பட்ட கடனாயிற்று.

இக்கடன் செலுத்தப்படும் முறைகளிலேயே வாழ்வின் மாற்றத்தை நாம் தெளிவாகக் காணலாம். அடைபட்ட நாட்களில் அரிசியும் உப்பும் நீருமாகக் காய்ச்சி உண்ட கஞ்சி, இன்று மே மாதந்தோறும் வீதிகளில் வழங்கப்படுகின்றது. சமயச் சடங்காகவன்றி, சாதி சமய வேறுபாடின்றி யாவரும் கையேந்தி வாங்கும் பொது நினைவாக அது வளர்ந்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது. 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். முன்னின்றோர் பெரும்பாலும் தாய்மார். பொதுவாழ்வில் முன்னர் இடம்பெறாதோர். மேனாட்டு ஆய்வுகள் கூறும் சாவச்சக் குறைவு இங்கும் உண்டு எனலாம். ஆயின் அது அமைதியாகக் கனியவில்லை. அதிகாரத்தின் முன் நின்று கேள்வி கேட்கும் துணிவாகவே வெளிப்பட்டது.

இதனை மிகைப்படுத்திப் போற்றுவதும் தவறாகும். துன்பம் மனிதரை உயர்த்தும் என்பது அரைகுறை உண்மையே. கணவர் இருக்கிறாரா இல்லையா என்பது தெரியாத பெண் பொட்டிடுவதா, அழிப்பதா என்ற ஐயத்தில் ஆண்டுகளைக் கழிக்கிறாள். இறப்புச் சான்றிதழை ஏற்பதென்பது அவளுக்கு இழப்பீட்டுக்குரிய கடதாசி அலுவல் மட்டுமன்று. தானே தன் கணவரைச் சாகச் சொல்வது போன்றதாகும். இக்கடன் செலுத்தி முடியாதது. முடிக்க விடப்படாததும் ஆகும். 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி வழங்கியோர் கைதாயினர். தூபி அதே ஆண்டில் மீள எழுப்பப்பட்டதாயினும், துயர் கொள்வதற்கே அனுமதி வேண்டியிருந்த நிலையை இவை காட்டுகின்றன.

சாவை அண்மித்தமை மனிதரை மாற்றுகின்றது என்பதில் ஐயமில்லை. அம்மாற்றம் எத்திசையிற் செல்லும் என்பதை அனுபவம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மீண்டவரைச் சமூகமும் அரசும் எங்ஙனம் ஏற்கின்றன என்பதும் தீர்மானிக்கின்றது. மருத்துவமனையில் மீண்டவரிடம் ‘என்ன கண்டீர்?’ என்று கேட்க ஒருவர் இருந்தார். அவர் கூறியதும் பதிவாயிற்று. வன்னியில் மீண்டோரிடமும் அதே வினாவை அச்சமின்றி விடையிறுக்கத்தக்க சூழலிற் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். பிள்ளைகளைத் தேடிய தாய்மாருட் பலர் விடை காணாமலே இறந்துவிட்டனர். எஞ்சியோரின் வாய்மொழியைக் காப்பது ஆய்வுலகு அவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடனாகும்.