யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம்: 11 ஆசனங்கள் 6 ஆன கதை

2024 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குக் கிடைத்தவை 6 ஆசனங்கள். 1989இல் 11. மிகுதி ஐந்தும் எங்கே போயின என்று இளையவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பழைய தொகுதிகளிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

1947இல் வடக்கில் ஒன்பது தொகுதிகள். மன்னார், வவுனியா நீங்கலாக ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, யாழ்ப்பாணம், கோப்பாய், பருத்தித்துறை, சாவகச்சேரி என ஏழு. 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு இன்னொன்று என்பது அன்றைய விதி. எண்ணப்பட்டது சனத்தொகை, வாக்காளர் தொகையல்ல. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள்.

1959 எல்லை நிர்ணயத்தில் நல்லூர், உடுவில், உடுப்பிட்டி, கிளிநொச்சி சேர்ந்து ஏழு பதினொன்றானது. 1976இல் உடுவில் மறைந்து மானிப்பாய் வந்தது. எங்கள் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. 1970இல் உடுவில் வாக்காளராக இருந்த அப்பா 1977இல் மானிப்பாய் வாக்காளரானார். இரு முறையும் தெரிவானவர் வி. தர்மலிங்கம்தான்.

1978 யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. தொகுதிகள் வாக்கெண்ணும் பிரிவுகளாகச் சுருங்கின. மாகாணத்துக்கு நான்கு வீதம் 36 ஆசனங்கள் நிலையானவை. மற்ற 160உம் பதியப்பட்ட வாக்காளர் தொகைப்படி மாவட்டங்களுக்குப் பகிரப்படும். அதாவது இடாப்பில் பெயர் இல்லாதவர் கணக்கிலும் இல்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1994இல் குடாநாட்டின் பெரும்பகுதியில் வாக்களிப்பே நடக்கவில்லை, ஈ.பி.டி.பி.யினரின் சுயேச்சைக் குழு பத்தாயிரத்துச் சொச்ச வாக்குகளுடன் பத்தில் ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. 2000இல் ஆசனங்கள் 9 ஆயின. 2010இல் இடாப்பில் 7 இலட்சத்து 21 ஆயிரம் பெயர்கள். 2015இல் 5 இலட்சத்து 29 ஆயிரம். இறந்தவர்கள், கடல்கடந்தவர்கள், எங்கோ இடம்பெயர்ந்து பதியாதவர்கள் எல்லோரும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறார்கள். ஆசனம் 7 ஆனது. 2020ஐ விட 2024இல் வாக்காளர் கூடியும் ஓர் ஆசனம் போயிற்று. மற்ற மாவட்டங்கள் அதைவிட வேகமாக வளர்கின்றன. அதே தேர்தலில் கம்பஹா 18இலிருந்து 19 ஆனது.

கிளிநொச்சி இன்றும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. 1984இல் அது தனி நிர்வாக மாவட்டமானாலும், தேர்தல் மாவட்ட எல்லை அதற்கு முன்பே வரையப்பட்டது. மாகாணசபைக்கு மட்டும் வேறு கணக்கு: 2013இல் யாழ்ப்பாணத்துக்கு 16, கிளிநொச்சிக்குத் தனியாக 4.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊர் இடாப்பில் பதிய 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டது. தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களுக்கு அங்கிருந்தபடி வாக்களிக்க இன்னும் வழியில்லை. ஊரில் இருப்பவர்கள், இடாப்பு மீளாய்வுக்குக் கிராம அலுவலர் வரும்போது, பதினெட்டு வயதான பிள்ளைகளின் பெயரையும் கேட்டுப் பதியுங்கள்.