ஆற்றுக்கு ஒரு காவல்மணி

கணிப்பொறி பழுதுற்றால் அதுவே தன் காவலருக்கு மின்னஞ்சல் அனுப்பும் காலம் இது. பல கணிப்பொறிகளை இணைத்து அமைத்த தொகுதியில் ஒன்று மிகுதியாகச் சூடேறினாலும், தகவல் சேமிக்கும் இடம் நிரம்பினாலும், நள்ளிரவாயினும் செய்தி பறந்துவிடும். இயந்திரத்துக்கு எளிதில் வாய்த்த இந்தக் காவல் ஓர் ஆற்றுக்கு வாய்க்க நெடுநாள் ஆயிற்று. அதுவே திருப்பூரின் நடுவே செல்லும் நொய்யலாற்றின் வரலாறு.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. 1980-களில் பின்னலாடை ஏற்றுமதி ஓங்கவே, சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு ஏராளமாக வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் பற்றிக்கொள்ளும்; உப்போ கழிவுநீரிலேயே நின்றுவிடும். நிறத்தைக் கண் கண்டுகொள்ளும். கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. தொடக்கத்தில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இந்த உப்பை நீக்கவில்லை.

பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992-இல் பயனுக்கு வந்தது. சில ஆண்டுகளில் அதில் தேங்கிய நீர் பயிருக்கு ஆகாததாயிற்று. சுற்றுப்புறக் கிணறுகள் உவர்த்தன. கிணற்று நீரை நாவில் வைத்துப் பார்த்த உழவரே அக்காலத்தில் அளவுகருவி. அவர் கொடுத்த மனுவே எச்சரிக்கை மணி. மணி ஒலித்தது, எழுந்து வரக் கடமைப்பட்டவர் யார் என்பது மட்டும் தெளிவாகவில்லை.

2003-இல் ஆயக்கட்டு உழவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறலாகாது என்னும் நிலையை எய்த வேண்டுமென்று 2006 டிசம்பரில் நீதிமன்றம் ஆணையிட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அந்நெறியை உறுதி செய்தது. ஆணை முற்றிலும் நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் பட்டறைகள் யாவற்றையும் மூடச் சொல்லிற்று. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கூலியாளர் பலர் வேலையிழந்தனர். காலத்தே கேளாத எச்சரிக்கைக்கு உழவரும் தொழிலாளரும் ஒருங்கே விலை கொடுத்தனர்.

பின்னர், நுண்சவ்வுகளின் வழியே நீரை அழுத்திப் பிரித்தும், எஞ்சியதை ஆவியாக்கியும், நீரையும் உப்பையும் மீட்கும் நிலையங்கள் படிப்படியாக இயங்கலாயின. இங்கேதான் காவலின் தேவை மிகுந்தது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இடையறாது அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டுமென்று பணித்தது. கருவி அளந்ததைக் கணிப்பொறி பெறும். வரம்பு மீறினால் பொறுப்பானவருக்குச் செய்தி செல்லும்.

இத்தகைய காவலை அமைப்போர் மூன்றைக் கருத வேண்டும். முதலாவது, வரம்பு. அதை மிகத் தாழ வைத்தால் நாள்தோறும் நூறு செய்தி வரும். நூறையும் ஒருவரும் படியார். மிக உயர வைத்தால் கேடு நேர்ந்த பின்னரே மணி ஒலிக்கும். இரண்டாவது, மௌனம். கருவியிலிருந்து செய்தியே வாராவிடில் யாவும் நலமென்று கொள்ளலாகாது. கருவியே நின்றிருக்கலாம், எவரேனும் நிறுத்தியிருக்கவும் கூடும். ஆதலின், அளவு வந்து சேராமையே ஓர் அபாய அறிகுறியெனக் கொண்டு, அதற்கும் எச்சரிக்கை எழுமாறு செய்ய வேண்டும். மூன்றாவது, பொறுப்பு. செய்தி இன்னாருக்குச் செல்லும், அவர் இன்ன நேரத்துக்குள் இன்னது செய்வார், அவர் செய்யாவிடில் மேலுள்ளவருக்குச் செல்லும் என்று முன்னரே வகுத்தல் வேண்டும்.

ஒரத்துப்பாளையத்தில் குறைவாயிருந்தது இந்த மூன்றாவதே. உழவர் உரைத்த உண்மையில் பிழையில்லை; அதைப் பெற்றுக்கொண்டு உடனே செயலாற்றும் ஏற்பாடுதான் இல்லை. நாளை உங்களுள் சிலர் இத்தகைய கருவிகளை அமைப்பீர்கள். சிலர் அவை அனுப்பும் செய்தியைப் பெறும் பதவியில் அமர்வீர்கள். அந்நாளில், செய்தியின் மறுமுனையில் ஒரு கிணறும், அதை நம்பிய ஒரு குடும்பமும் உண்டென்பதை நினைவிற் கொள்ளுங்கள்.