வால்நட் மரத்தடி

ஓஹாயோவில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறம் ஒரு கருப்பு வால்நட் மரம் நின்றது. முதல் கோடையில் அதற்குச் சற்றுத் தள்ளி எட்டுத் தக்காளி நாற்றுகள் வைத்தேன். ஜூலையில் எட்டும் துவண்டு விழுந்தன. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் வந்து நின்று, மரத்தை மட்டும் கை காட்டிவிட்டுப் போனார். போனில் சொன்னதும் அம்மா கேட்டாள்: “புளியமரத்தடியில ஒண்ணும் வெளங்காதும்பாங்களே, அந்த மாதிரியாடா?”

அந்த மாதிரிதான். பழி ரொம்பப் பழையது. வால்நட்டின் நிழல் பக்கத்தில் நட்டதையெல்லாம் கெடுக்கும், மனிதனின் தலைக்கும் ஆகாது என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி எழுதினார். அவர் சொன்னது ஐரோப்பாவில் வளர்க்கப்பட்ட வேறொரு வால்நட் இனம். அமெரிக்கக் கருப்பு வால்நட்டின் மீது இதே குற்றச்சாட்டை 1881இல் விஸ்கான்சினில் ஸ்டிக்னியும் ஹோயும் பதிவு செய்தார்கள். வால்நட் வேரோடு வேர் சேர்ந்த இடத்தில் தக்காளியும் குதிரைமசாலும் வாடுவதை 1925இல் மாஸி எழுதினார். 1928இல் டேவிஸ், காரணம் ஜக்லோன் என்ற நச்சுப்பொருள் என்றார். ஒரு செடி வேதிப்பொருளால் இன்னொன்றைப் பாதிப்பதற்கு 1937இல் மோலிஷ் ‘அலெலோபதி’ என்று பெயரும் வைத்தார்.

அதன்பின் வந்தவை பட்டியல்கள். தக்காளி, உருளை, அசேலியா, ஆப்பிள் ஆகாது. ஹோஸ்டா, மேஆப்பிள், காட்டு இஞ்சி, ஸ்பைஸ்புஷ் ஆகும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய மாதிரி இருந்தன. நானும் நம்பினேன். மரத்தை வெட்ட என்ன ஆகும் என்று ஆள் கூப்பிட்டு விலையும் கேட்டுவிட்டேன்.

விலை கேட்ட அன்று இரவுதான் பழைய ஆய்வுகளைப் பற்றிப் படித்தேன். டேவிஸ் ஜக்லோனைச் செடியின் தண்டுக்குள் ஊசியால் செலுத்திப் பார்த்தார். தண்டில் ஏற்றுவதும் மண்ணிலிருந்து வேர் உறிஞ்சுவதும் ஒன்றா? மரத்துக்குள் அந்தப் பொருள் பெரும்பாலும் தீங்கில்லாத வடிவத்தில் இருக்கிறது. காற்றுப் பட்டால்தான் நஞ்சாகிறது. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்களும் மண்ணில் உண்டு. தோட்டக்கலைப் பேராசிரியர் லிண்டா சாக்கர்-ஸ்காட் போன்றவர்கள் வால்நட் மீதான வழக்கையே கேள்வி கேட்கிறார்கள்: நிழலையும், தண்ணீருக்கான வேர்ப் போட்டியையும் யார் பிரித்துப் பார்த்தது?

நான் பார்க்கவில்லை. மதியத்துக்கு மேல் அங்கே வெயில் கிடையாது. வாரம் இரண்டு தடவை தண்ணீர் விட்டேன். தக்காளிக்கு வாடல் நோயும் வரும். தண்டை வெட்டிப் பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். வேலையில் ஒரு பிழை வந்தால் முதலில் பதிவுகளைப் பத்திரப்படுத்துகிற ஆள், வீட்டில் தடயத்தை அழித்திருக்கிறேன்.

பட்டியல் பயனற்றது என்று சொல்லவில்லை. மேஆப்பிளும் காட்டு இஞ்சியும் ஸ்பைஸ்புஷ்ஷும் இந்தப் பக்கத்துக் காடுகளில் வால்நட்டின் கீழேயே வளர்ந்தவை. நிழலும் வேர் நெருக்கமும் அவற்றுக்குப் பழக்கம். பட்டியல் சரியாக இருந்து, அது சொல்லும் காரணம் மட்டும் தவறாக இருக்கலாம். செடிக்குக் காரணம் முக்கியமில்லை; வெட்டப்படப் போகிற மரத்துக்கு முக்கியம்.

மரம் நிற்கிறது. பெரிய வேர்களை வெட்டாமல், சின்னக் குழிகளாகத் தோண்டி அந்த மூன்றையும் நட்டிருக்கிறேன். தக்காளி வெயில் பக்கம் போய்விட்டது.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “ஆமாடா, நம்ம புளியமரத்தடியில மட்டும் யாரு என்னத்த நட்டு, தண்ணி ஊத்திப் பாத்தா?” என்றாள்.